சனிக்கிழமைச் சிப்பாய்

கேள்வி: பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். ஆறு ஆண்டுகளாக, மலேசியத் தரைப்படையின் பகுதிநேரத் தொண்டூழியப் பிரிவான அஸ்கார் வத்தானியாவிலும் இருக்கிறேன். சக ஊழியர்கள் என்னைச் "சனிக்கிழமைச் சிப்பாய்" என்கிறார்கள். நிரந்தரப் படையினரோ எங்களைப் பொருட்படுத்துவதில்லை. நான் எந்தப் பக்கத்தைச் சேர்ந்தவன், ஐயா?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: தம்பி, என் மூத்த அண்ணன் பள்ளி ஆசிரியராகவும் வத்தானியா வீரராகவும் இருந்தவர். வெள்ளிக்கிழமை இரவு தேர்வுத்தாள்களைத் திருத்தி முடித்தபின், வாசற்படியில் பழைய நாளிதழை விரித்து, பூட்ஸுக்குக் கறுப்புப் பாலிஷ் பூசி, முனையில் தம் முகம் தெரியும்வரை துணியால் சிறு சிறு வட்டமாகத் தேய்ப்பார். நக இடுக்கில் படிந்த அந்தக் கறுப்பு, திங்கட்கிழமை அவர் சுண்ணக்கட்டியைப் பிடிக்கும்போதும் முழுதாகப் போயிருக்காது. எந்தப் பக்கம் என்று அவர் கேட்டதே இல்லை. இரண்டும் அவருடைய வேலைகள்.

வத்தானியா 1958 ஜூன் 1 அன்று, மலாயாவில் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்க அறிவித்த அவசரகாலம் முடிவதற்கு முன்பே தோன்றியது. பினாங்கின் தொண்டூழியப் படையோ அதற்கும் வெகுகாலம் முன்பே, பிரிட்டிஷ் ஆட்சியிலேயே அமைந்துவிட்டது. வேறு தொழில் செய்து பிழைத்துக்கொண்டே ஆயுதப் பயிற்சி பெற்ற இத்தகைய தொண்டூழியர்கள் பலர், 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபோது போர்க்கைதிகளானார்கள். அவர்களைப் பிடித்த ஜப்பானியர், நீங்கள் வாரக்கடைசி வீரரா என்று விசாரித்துப் பிரித்து வைக்கவில்லை.

நிரந்தரப் படையினரின் மனத்தாங்கலிலும் நியாயம் உண்டு. அவர்கள் அன்றாடம் செய்வதை நீங்கள் சில நாள்களே செய்கிறீர்கள். பழக்கத்தில் அவர்களுக்கு நிகராக நிற்க முடியாது என்பதை ஒப்புக்கொள்ளுங்கள். ஆனால் பயிற்சிக்குத் தவறாமல் வருவதிலும், துப்பாக்கியைத் துடைத்து ஒப்படைப்பதிலும், கட்டளையை ஒரே முறை கேட்டுப் புரிந்துகொள்வதிலும் அவர்களைவிடக் குறைவாக இருக்க உங்களுக்கு எந்தக் காரணமும் இல்லை. சீருடையின் அழகுக்காக மட்டும் சேர்ந்து, ஆண்டு முகாம் வந்ததும் மறைந்துவிடுகிறவர்களால்தான் உங்கள் எல்லோருக்கும் கெட்ட பெயர். இதை எனக்கு வருத்தத்தோடுதான் எழுத வேண்டியிருக்கிறது.

அரசு ஊழியர்களுக்குத் தொண்டூழியப் படைப் பயிற்சிக்காகத் தனி விடுப்பு உண்டு. தனியார் துறையிலோ பலர் தங்கள் சொந்த ஆண்டு விடுப்பைக் கொடுத்துத்தான் முகாமுக்குப் போகிறார்கள். பிள்ளைகளோடு ஊருக்குப் போக வைத்திருந்த நாள்கள் அவை. சக ஊழியர் அடுத்த முறை கேலி செய்தால், "நான் வத்தானியாவில் இருக்கிறேன்" என்று பெயரைச் சொல்லியே பதில் கூறுங்கள். முகாமுக்கான அழைப்புக் கடிதம் வந்ததும், கடைசி வாரம்வரை காத்திராமல், மேலாளரிடம் நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள்.