கூம்புக் கருவிழிக்கு சாஃப்ட் லென்ஸ் போதாதா?

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. கோவையில் விடுதியில் தங்கி இன்ஜினீயரிங் படிக்கிறான். இரண்டு வருடமாகக் கண்ணாடி பவர் மாறிக்கொண்டே இருக்கிறது. சிலிண்டர் பவர் ஏறிக்கொண்டே போகிறது. ராத்திரியில் ஒரு தெருவிளக்கு மூன்றாகத் தெரிகிறது என்கிறான். 'கெரட்டோகோனஸ்' என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். இடது கண்ணுக்கு செமி சாஃப்ட் லென்ஸ், வலது கண்ணுக்கு ஸ்கிளீரல் லென்ஸ் போடச் சொல்கிறார்கள். விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. கடையில் கிடைக்கும் சாதாரண சாஃப்ட் லென்ஸ் போதாதா? வட்டம் வட்டமாக வெளிச்சம் விழும் கருவியில் நான்கு மாத இடைவெளியில் இரண்டு முறை உட்கார வைத்தார்கள். அது எதற்கு? லென்ஸ் போட்டால் இந்த நோய் நின்றுவிடுமா? (ஒரு வாசகி, திருநெல்வேலி)

பதில்: உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். பணம் செலவழிக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது அதுதான். கெரட்டோகோனஸ் என்றால், கண்ணின் முன்பக்கத்தில் ஒளியை உள்ளே விடும் கருவிழி (கார்னியா) மெலிந்து கூம்பாகத் துருத்துவது. எந்த லென்ஸும் இந்த நோயை நிறுத்தாது. லென்ஸ் பார்வையைத் தெளிவாக்கும், அவ்வளவே. கருவிழி மேலும் கூம்பாகாமல் தடுக்க இருக்கும் சிகிச்சை வேறு: கொலாஜன் க்ராஸ் லிங்கிங். நம் ஊர் மருத்துவமனைகளில் 'சி3ஆர்' என்பார்கள். ரைபோஃப்ளேவின் என்ற வைட்டமின் பி2 சொட்டு மருந்தைக் கருவிழியில் ஊறவைத்து, அதன்மேல் அளவான புறஊதா ஒளியைப் பாய்ச்சுவார்கள். கருவிழிக்குள் இருக்கும் கொலாஜன் என்ற புரத இழைகளுக்கு இடையே புதிய பிணைப்புகள் உண்டாகி அது விறைப்பாகும். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர மருத்துவர்கள் உருவாக்கிய முறை இது. மனிதக் கண்களில் செய்த முதல் முடிவுகளை 2003இல் வெளியிட்டார்கள்.

சி3ஆர் செய்தபின் சில மாதங்களுக்குக் கருவிழியின் வடிவம் மெல்ல மாறும். அதற்கு முன்பே அளவெடுத்துச் செய்த லென்ஸ் பிறகு பொருந்தாமல் போகலாம். ஆகவே லென்ஸுக்கு ஆர்டர் கொடுக்கும் முன் மருத்துவரிடம் கேளுங்கள்: "நான்கு மாதம் முன்பு எடுத்த படத்துக்கும் இப்போது எடுத்ததற்கும் வித்தியாசம் இருக்கிறதா? சி3ஆர் தேவையா?" தேவை என்றால் முதலில் அது, பிறகு லென்ஸ். 19 வயதில் இந்த நோய் வேகமாக வளரக்கூடியது. முப்பதுகளைத் தாண்டும்போது பெரும்பாலும் தானே அடங்கும். அதனால் இந்த வயதில் காத்திருந்து பார்ப்பதை நான் விரும்புவதில்லை.

இப்போது அந்த வட்டங்கள். எவர்சில்வர் கரண்டியின் முதுகில் உங்கள் முகத்தைப் பார்த்திருப்பீர்கள். கரண்டியில் ஒடுக்கு இருந்தால் அந்த இடத்தில் முகம் கோணலாகும். கருவிழியும் ஈரத்தால் பளபளக்கும் ஒரு வளைந்த கண்ணாடிதான். 1880இல் போர்ச்சுக்கலைச் சேர்ந்த கண் மருத்துவர் அந்தோனியோ பிளாசிடோ, கறுப்பு வெள்ளை வட்டங்கள் வரைந்த ஒரு தட்டை எடுத்து நடுவில் துளையிட்டு, அந்தத் துளை வழியே நோயாளியின் கருவிழியில் தெரியும் வட்டங்களின் பிம்பத்தைப் பார்த்தார். சீரான கண்ணில் வட்டம் வட்டமாகவே தெரியும். கூம்பான கண்ணில் செங்குத்தான இடத்தில் வட்டங்கள் நெருங்கிக் குவியும், தட்டையான இடத்தில் விலகும், மொத்தமும் முட்டை வடிவில் கீழ்நோக்கிச் சரியும். உங்கள் மகன் உட்கார்ந்த டோப்போகிராபி கருவி இந்தத் தட்டின் வாரிசுதான். ஒளிவட்டங்களைக் கருவிழிமேல் விழச் செய்து, அவற்றின் பிம்பத்தைக் கேமரா படமெடுக்க, கணினி ஆயிரக்கணக்கான புள்ளிகளில் வளைவைக் கணக்கிட்டு வண்ண வரைபடமாகத் தருகிறது. சிவப்பு என்றால் செங்குத்து, நீலம் என்றால் தட்டை. சாதாரணக் கருவிழியின் வளைவு 43, 44 டையாப்டர் (கண்ணாடி பவரை அளக்கும் அதே அலகு) அளவில் இருக்கும். கூம்பின் உச்சியில் அது 50, 60 என்று ஏறும். ஓராண்டுக்குள் உச்சி 1 டையாப்டரோ அதற்கு மேலோ ஏறியிருந்தால் நோய் வளர்கிறது என்று பல மருத்துவர்கள் எடுத்துக்கொள்வார்கள். இரண்டு முறை எடுத்தது அதற்காகத்தான். அந்த அச்சுப் பிரதிகளைக் கேட்டு வாங்கிப் பத்திரமாக ஒரு ஃபைலில் வையுங்கள். வேறு ஊரில் காட்ட நேர்ந்தால் பழைய படம்தான் ஒப்பிட உதவும்.

வட்டங்கள் காட்டுவது கருவிழியின் முன்பக்கத்தை மட்டுமே. பின்பக்கமும் தடிமனும் தெரிய, மெல்லிய கீற்றாக ஒளியைக் கண்ணுக்குள் பாய்ச்சிச் சாய்வான கேமராவால் சுற்றிச் சுற்றிப் படமெடுக்கும் வேறொரு கருவி உண்டு. அதன் அடிப்படை, ஆஸ்திரிய ராணுவ அதிகாரி தியோடர் ஷைம்ஃப்ளுக் வானிலிருந்து எடுத்த படங்களின் கோணலைச் சரிசெய்ய நூறாண்டுக்கு முன் வகுத்த முறை. சராசரிக் கருவிழியின் தடிமன் அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதல், சுமார் 540 மைக்ரான். வழக்கமான சி3ஆர் செய்ய, மேல்தோல் நீக்கியபின் 400 மைக்ரானாவது மிஞ்ச வேண்டும். தள்ளிப்போட்டுக் கருவிழி மேலும் மெலிந்துவிட்டால் அந்த வாய்ப்பு சுருங்கும். சோதனைக்குப் போகும்போது லென்ஸ் போட்டுக்கொண்டு போகக் கூடாது என்பதையும் மகனிடம் சொல்லுங்கள். லென்ஸ் கருவிழியைத் தற்காலிகமாக அழுத்தி உருமாற்றும். எத்தனை நாள் முன்பே கழற்ற வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஹார்டு லென்ஸுக்கு நாள் கூடும்.

சரி, சாஃப்ட் லென்ஸ் ஏன் போதாது? பாறைமேல் ஈரத்துணியைப் போட்டால் துணி பாறையின் வடிவத்தையே எடுத்துக்கொள்ளும். மெல்லிய சாஃப்ட் லென்ஸும் கூம்பின்மேல் படிந்து, கூம்பாகவே ஆகிவிடும். உங்கள் மகனுக்கு விளக்கு மூன்றாகத் தெரிவதற்குக் காரணம் அந்தக் கோணல் வடிவம். அதே கோணலைப் பிரதியெடுக்கும் லென்ஸால் அது தீராது. கண்ணாடியும் இந்த வகைக் கோணலை ஓரளவுக்கு மேல் திருத்தாது. மிக ஆரம்பநிலையில் கண்ணாடியோ, சிலிண்டர் பவர் உள்ள 'டோரிக்' சாஃப்ட் லென்ஸோ சிலருக்குப் போதும், கெரட்டோகோனஸுக்கென்றே தடிமனாகச் செய்யப்படும் சாஃப்ட் லென்ஸ்களும் உண்டு. ஆனால் நீங்கள் சொல்லும் அறிகுறிகளைப் பார்த்தால் மகன் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டார் என்றே தோன்றுகிறது.

விறைப்பான லென்ஸ் தன் வடிவத்தை விடாது. அதற்கும் கோணலான கருவிழிக்கும் இடையே உள்ள இடத்தைக் கண்ணீர் நிரப்பும். உண்மையான வேலையைச் செய்வது அந்தக் கண்ணீர்தான். குளியலறை ஜன்னலின் சொரசொரப்பான கண்ணாடியில் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். மங்கலாக இருந்த மறுபக்கம் தெரியத் தொடங்கும். மேடுபள்ளங்களைத் தண்ணீர் நிரப்பிவிட்டதால் ஒளி சிதறுவது குறைகிறது. கண்ணிலும் இதே கதை. ஒரு பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதைக் காட்டுவது ஒளிவிலகல் எண். காற்றின் ஒளிவிலகல் எண் 1, கருவிழியின் எண் 1.376, கண்ணீரின் எண் 1.336. காற்றிலிருந்து நேராகக் கருவிழிக்குள் நுழையும் ஒளி சந்திக்கும் வேறுபாடு 0.376. கண்ணீரிலிருந்து நுழைந்தால் வெறும் 0.04. அதாவது முன்பரப்பின் கோணல் ஏற்படுத்தும் பாதிப்பு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். மிஞ்சுவது கருவிழியின் பின்பக்கக் கோணல். அதனால்தான் நல்ல லென்ஸ் போட்ட பிறகும் சிலருக்கு மெல்லிய நிழல் தெரியும். அதையும் ஒளி அலைகளை அளந்து லென்ஸிலேயே திருத்தும் முயற்சி இப்போது நடைமுறைக்கு வந்துகொண்டிருக்கிறது.

இந்தக் கருத்து மிகப் பழையது. ஆங்கிலேய விஞ்ஞானி தாமஸ் யங் 1801இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு சிறிய லென்ஸின் விளிம்பை மெழுகால் அடைத்து, தண்ணீர் ஊற்றி, அதைத் தன் கண்ணோடு ஒட்டவைத்துப் பார்த்ததை எழுதியிருக்கிறார். கருவிழியின் ஒளிவிலக்கும் வேலையைத் தண்ணீரால் ரத்துசெய்துவிட்டு, கண்ணின் குவியம் எப்படி மாறுகிறது என்று அறிவது அவர் நோக்கம். அதைப் பார்வைக்கு உதவும் பொருளாக்கியவர்களில் முதன்மையானவர் ஜூரிக்கில் பணிபுரிந்த அடால்ஃப் ஓய்கன் ஃபிக். 1888இல் அவர் வெளியிட்ட கண்ணாடி லென்ஸ் வெள்ளைவிழிமேல் உட்கார்ந்து, கருவிழியைத் தொடாமல் வளைந்து நின்றது. இடையில் திராட்சைச் சர்க்கரைக் கரைசல். முயல்களிடம் சோதித்து, தானே போட்டுப் பார்த்து, பிறகு நோயாளிகளுக்குப் போட்டார். அவர்களில் கூம்புக் கருவிழி உள்ளவர்களும் இருந்தார்கள். அதே ஆண்டு பாரிஸில் யூஜின் கால்ட்டும் கூம்புக் கருவிழிக்காகவே இதை முயன்றார். அழகுக்காகவோ கண்ணாடியை ஒளிக்கவோ பிறந்த பொருள் இல்லை கான்டாக்ட் லென்ஸ். உங்கள் மகனைப் போன்றவர்களின் பார்வைக்காகத்தான் அது பிறந்தது. 'விலை உயர்ந்த லென்ஸை நம் தலையில் கட்டுகிறார்களோ' என்ற சந்தேகம் வரும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஃபிக்கின் லென்ஸைச் சில மணி நேரத்துக்கு மேல் தாங்க முடியவில்லை. கருவிழியில் ரத்தக்குழாய் கிடையாது. ஆக்சிஜனைப் பெரும்பாலும் காற்றிலிருந்து கண்ணீர் வழியாகவே எடுத்துக்கொள்கிறது. கண்ணாடி அதை மூடிவிட்டது. 1940களின் இறுதியில் அமெரிக்காவின் கெவின் டூஹி பிளாஸ்டிக்கில் கருவிழி அளவே உள்ள சிறிய லென்ஸைக் கொண்டுவந்தார். அதன் வழியாகவும் காற்று புகாது. 1970களின் இறுதியில் சிலிக்கான் கலந்த, ஆக்சிஜனை ஊடுருவவிடும் விறைப்பான பொருள் வந்தது. இடது கண்ணுக்குச் சொன்ன 'செமி சாஃப்ட்' அதுதான். பெயரில் சாஃப்ட் இருந்தாலும் அது விறைப்பான லென்ஸே.

வலது கண்ணுக்கு ஏன் ஸ்கிளீரல்? கூம்பு மிகச் செங்குத்தாகவோ நடுவிலிருந்து விலகியோ இருந்தால் சிறிய லென்ஸ் உச்சியில் முட்டி ஆடும், இமைத்தால் விழும், உச்சியில் உரசித் தழும்பு உண்டாக்கும். ஸ்கிளீரல் லென்ஸ் ஃபிக்கின் யோசனையே. 1980களில் ஆஸ்திரேலியாவின் டான் எசேக்கியல் காற்றூடுருவும் பொருளில் அதைச் செய்தபின் மறுபிறவி எடுத்தது. 15 முதல் 18 மில்லிமீட்டர் வரை அகலம்; வெள்ளைவிழிமேல் உட்கார்ந்து கருவிழியைத் தொடாமல் பந்தல்போல் நிற்கும். உள்ளே உப்புநீர், அதாவது சலைன். முதலில் போடும்போது உள்ள இடைவெளி சில மணி நேரத்தில் 100 மைக்ரான் வரை அமுங்கலாம். அதனால் சோதனை லென்ஸைப் போட்டுச் சில மணி நேரம் காத்திருந்து பார்ப்பவர்களே சரியாகச் செய்கிறார்கள், அவசரப்படுத்தாதீர்கள். நீலவிளக்கில் பச்சை நிறச் சாயம் போட்டுப் பார்ப்பதும் இந்த இடைவெளியை அறியத்தான். வெள்ளைவிழி உருண்டையாக இருப்பதில்லை, மூக்குப் பக்கம் தட்டையாக இருக்கும். அதற்கேற்ப ஓரம் வெட்டப்படாவிட்டால் ஒரு பக்கம் அழுத்தி ரத்தக்குழாய் வெளுத்துப்போகும், மறுபக்கம் காற்றுக்குமிழி புகும். ஒவ்வொரு கண்ணுக்கும் தனியாகக் கணினி லேத்தில் கடைந்து, இரண்டு மூன்று முறை திருத்துகிறார்கள். விலை அதில்தான் போகிறது. ஆர்டர் கொடுக்கும்போதே, பொருந்தாவிட்டால் எத்தனை முறை மாற்றித் தருவார்கள், அதற்குத் தனிக் கட்டணம் உண்டா என்று கேட்டுவிடுங்கள். கட்டுப்படியாகாவிட்டால் இன்னொரு வழியையும் விசாரியுங்கள்: அடியில் ஒரு சாஃப்ட் லென்ஸ், அதன்மேல் விறைப்பான லென்ஸ். 'பிக்கிபேக்' என்பார்கள். பராமரிப்பு இரட்டிப்பு. ஆனாலும் பலருக்கு நன்றாகவே வேலை செய்கிறது.

விடுதி வாழ்க்கை பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். குழாய்த் தண்ணீர், போர்வெல் தண்ணீர், ஆர்.ஓ. தண்ணீர், எதுவுமே லென்ஸில் படக் கூடாது. அகாந்தமீபா என்ற நுண்ணுயிர் தண்ணீரில் வாழும். கருவிழியில் அது புகுந்தால் மாதக்கணக்கில் வலியும் சிகிச்சையும். கையைச் சோப்பால் கழுவி, நன்றாகத் துடைத்து உலர்த்திய பிறகே லென்ஸைத் தொட வேண்டும். லென்ஸோடு குளிக்கக் கூடாது, தூங்கக் கூடாது. ஸ்கிளீரல் லென்ஸுக்குள் நிரப்புவது பாதுகாப்பு ரசாயனம் சேர்க்காத சலைன் மட்டுமே. லென்ஸ் கழுவும் சொல்யூஷனை நிரப்பினால் அந்த ரசாயனம் நாள் முழுக்கக் கருவிழியை நனைத்துக்கொண்டிருக்கும். திறந்த சலைன் குப்பியை எத்தனை நேரம் பயன்படுத்தலாம் என்று கேட்டு அப்படியே கடைப்பிடிக்கட்டும். மத்தியானத்துக்குமேல் பார்வை மங்கினால் பெரும்பாலும் உள்ளே அழுக்கு சேர்ந்திருக்கும். கழற்றிக் கழுவி, புதிதாக நிரப்பிப் போட்டால் சரியாகும். போடக் கழற்ற ரப்பர் சக்கர் தருவார்கள். கழற்றும்போது அதை லென்ஸின் நடுவில் வைக்காமல் ஓரத்தில் வைத்து இழுக்க வேண்டும்.

இடது கண்ணின் சிறிய லென்ஸ் முதல் இரண்டு வாரம் உறுத்தும். முதல் நாள் இரண்டு மூன்று மணி நேரம், பிறகு மெல்லக் கூட்டலாம். பைக்கில் போகும்போது அதன் அடியில் தூசி புகுந்தால் வண்டியை ஓரங்கட்டியே ஆக வேண்டும், அவ்வளவு வலிக்கும். ஹெல்மெட்டின் முகமறைப்பை இறக்கிவிட்டு ஓட்டச் சொல்லுங்கள்.

கண்ணைக் கசக்கும் பழக்கம் இருக்கிறதா என்று கேளுங்கள். அநேகமாக இருக்கும். அலர்ஜி அரிப்பால் கசக்கக் கசக்கக் கூம்பு வளரும். சி3ஆர் செய்தாலும் கசக்கினால் பயன் குறையும். அரிப்புக்குத் தனியாக மருந்து வாங்குங்கள். யார் என்ன சொன்னாலும் இந்தக் கண்ணுக்கு, கண்ணாடியைத் தவிர்க்கச் செய்யும் லேசர் சிகிச்சையான லேசிக் வேண்டாம். மெலிந்த கருவிழியை அது இன்னும் மெலிதாக்கும். திடீரென்று ஒரு கண் மங்கி, கருவிழி வெள்ளையாக வீங்கி வலித்தால், அல்லது சிவந்து வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் போனால், லென்ஸைக் கழற்றிவிட்டு அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

அவருக்குத் தம்பி தங்கை இருந்தால், அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது அவர்களையும் அந்த வட்டங்களுக்கு முன் உட்கார வையுங்கள். இது குடும்பத்தில் வரக்கூடியது. ஐந்து நிமிட வேலை, வலி இல்லை.