இன்னோவாவுக்கு ஏர் சஸ்பென்ஷன் கிட் வாங்கி வீட்டிலேயே நாமே பொருத்தலாமா?

பழைய இன்னோவா, ஏழு பேரும் பெட்டிகளும் ஏறினால் பின்பக்கம் அமுங்குகிறது, வேகத்தடையில் அடி தட்டுகிறது, ஆன்லைனில் கிட் பார்த்தேன், மெக்கானிக் இல்லாமல் போட முடியுமா, சட்டம் ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போட முடியும். நானும் என் மச்சானும் எங்கள் இன்னோவாவுக்கு வீட்டு வாசலில் வைத்துத்தான் போட்டோம். ஆனால் எந்தக் கிட் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

ஏர் சஸ்பென்ஷன் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு வேறு சாமான்களை விற்கிறார்கள். ஒன்றில், இருக்கும் ஸ்பிரிங்கைக் கழற்றி எறிந்துவிட்டு நான்கு சக்கரத்திலும் காற்றுப் பை வைப்பார்கள். கூடவே 12 வோல்ட் கம்ப்ரசர், டிக்கியில் ஒரு காற்று டேங்க், மின்சாரத்தில் திறந்து மூடும் சோலனாய்டு வால்வுகள், பட்டனைத் தட்டினால் வண்டி ஏறி இறங்கும். ஷோவுக்குக் கொண்டுவரும் கார்களில் பார்ப்பது இதுதான். நம் ஊரில் ‘ஏர் பஸ்’ என்று எழுதிக்கொண்டு ஓடும் தனியார் பேருந்துகளிலும் இருப்பது காற்றுப் பைதான், ஆனால் அது அதற்கென்றே கட்டிய சேஸிஸ் (வண்டியின் அடிச்சட்டம்). இந்த முதல் ரகம் வீட்டு வாசலில் கைவைக்கும் வேலையில்லை. டேங்கில் 150, 200 பிஎஸ்ஐ (டயர் காற்றை அளக்கும் அதே அழுத்த அளவு) காற்று நிற்கும், பிராக்கெட்டுக்கு வெல்டிங் வேண்டும், பை ஒன்று வெடித்தால் அந்தச் சக்கரத்தில் வண்டியைத் தாங்க வேறெதுவும் இல்லை. அதை விட்டுவிடுங்கள்.

இரண்டாவது ரகம்தான் உங்களுக்கு வேண்டியது. இருக்கும் ஸ்பிரிங் அப்படியே இருக்கும். அதன் உள்ளே பாலியூரிதேனில் செய்த ஒரு உருளைப் பையை நுழைத்துக் காற்றடிப்பீர்கள். ஏர் லிஃப்ட் 1000, ஃபயர்ஸ்டோன் காயில்-ரைட் போன்றவை இந்த வகை. இன்னோவாவின் பின்பக்கம் காயில் ஸ்பிரிங் தனியாக, ஷாக் அப்சார்பர் தனியாக இருப்பதால் உள்ளே இடம் இருக்கிறது. பல கார்களின் முன்சக்கரத்தில் இருப்பதுபோல ஸ்பிரிங்குக்கு நடுவிலேயே ஷாக் இருந்தால் இந்தப் பை நுழையாது.

கிட்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு சோதனை. வண்டி காலியாக, சமதரையில் நிற்கும்போது பின்சக்கரத்தின் நடுவிலிருந்து மேலே மட்கார்டு விளிம்பு வரை டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். காலியாக இருக்கும்போதே பின்பக்கம் அமுங்கியிருந்தால் ஸ்பிரிங் களைத்துவிட்டது என்று அர்த்தம், புது ஸ்பிரிங்தான் மருந்து. ஷாக்கில் எண்ணெய் கசிந்திருந்தால் அதை முதலில் மாற்றுங்கள். காற்றுப் பை ஸ்பிரிங்கின் விறைப்பைக் கூட்டும். அந்த விறைப்பை அடக்க வேண்டியது ஷாக். செத்த ஷாக்கோடு பையைப் போட்டால் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது பின்பக்கம் துள்ளிக்கொண்டே வரும்.

இனி வேலை. முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை போடுங்கள். ஜாக்கியில் பின்பக்கத்தைத் தூக்கி, சேஸிஸுக்கு அடியில் ஜாக் ஸ்டாண்டு இரண்டு கொடுங்கள். வண்டியோடு வந்த ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கவே கூடாது. செங்கல், ஹாலோ பிளாக் எல்லாம் பார்க்க உறுதியாகத் தெரியும், உடையும்போது சொல்லிக்கொண்டு உடையாது. இன்னொரு ஜாக்கியை ஆக்சிலுக்கு அடியில் கொடுத்துத் தாங்கிக்கொண்டு, ஷாக்கின் கீழ் போல்ட்டைக் கழற்றி, ஆக்சிலை மெதுவாக இறக்க வேண்டும். இறக்கும்போது பிரேக் ஹோஸையும் ஹேண்ட் பிரேக் கேபிளையும் ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். என் மச்சானின் வேலை அன்றைக்கு அது மட்டும்தான். “மாமா, போதும், ஹோஸ் இழுக்குது” என்று அவன் சொன்னதும் நிறுத்தினேன். ஸ்பிரிங் தளர்ந்தால் போதும், முழுக்கக் கழன்று விழ வேண்டியதில்லை.

சில வண்டிகளில் ஸ்பிரிங்குக்குள்ளேயே பம்ப் ஸ்டாப் ரப்பர் இருக்கும், ஸ்பிரிங் முழுக்க அமுங்கும்போது இரும்போடு இரும்பு மோதாமல் தடுப்பது. அதை எடுக்க வேண்டுமா, வெட்ட வேண்டுமா என்பதைக் கிட்டோடு வரும் தாள்தான் சொல்ல வேண்டும், யூடியூப் அல்ல. பையிலிருந்து காற்றை முழுக்கப் பிதுக்கி வெளியேற்றி, மூடியைப் போட்டு, நீளவாக்கில் பாயைச் சுருட்டுவதுபோலச் சுருட்டி, ஸ்பிரிங்கின் இரண்டு சுற்றுகளுக்கு நடுவே அழுத்தி உள்ளே தள்ளுங்கள். பை முரண்டு பிடித்தால் வெந்நீரில் கொஞ்ச நேரம் போட்டு எடுங்கள், இளகும். ஸ்குரூடிரைவரால் நெம்பித் தள்ளினால் ஓட்டை விழும். உள்ளே போனதும் மூடியைத் திறந்தால் தானாக விரியும். கிட்டில் வரும் பிளாஸ்டிக் தட்டைப் பைக்கும் இரும்புக்கும் நடுவே வைப்பதை மறக்காதீர்கள். ஸ்பிரிங் உட்காரும் இடத்தில் துருவோ கூரான விளிம்போ இருந்தால் பையை வைக்கும் முன்பே தேய்த்துவிடுங்கள்.

காற்றுக் குழாயில்தான் பாதிப் பேருக்குக் கசிகிறது. கட்டிங் பிளையரால் வெட்டினால் குழாய் நசுங்கி, வாய் நீள்வட்டமாகிவிடும். புது பிளேடால் நேராக, ஒரே வெட்டாக வெட்டுங்கள். சைலன்சர் குழாயிலிருந்து ஒரு சாண் தள்ளியே கொண்டுபோங்கள், ஆக்சில் ஏறி இறங்குவதற்குக் கொஞ்சம் தளர்ச்சியும் விடுங்கள்.

சில கிட்டில் ஒரு டி-இணைப்பு வரும், இரண்டு பைக்கும் ஒரே வால்வு. நான் அதைப் பயன்படுத்தவில்லை. கொடைக்கானல் மலைப்பாதை மாதிரி வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கப் பை அமுங்கும். இரண்டும் இணைந்திருந்தால் அந்தக் காற்று உள்பக்கப் பைக்கு ஓடிவிடும், வண்டி இன்னும் சாயும். இன்னோவா உயரமான வண்டி. பக்கத்துக்கு ஒரு வால்வு என்று தனித்தனியாக பம்பருக்குப் பின்னால் வைத்துவிட்டேன்.

எல்லாவற்றையும் பழையபடி முடுக்கி, சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். ஷாக் போல்ட்டைக் கடைசியாக இறுக்குவது வண்டி தரையில் தன் எடையில் நிற்கும்போதுதான். ஆக்சில் தொங்கும்போதே இறுக்கினால் போல்ட்டைச் சுற்றியுள்ள ரப்பர் புஷ் முறுகி நின்று சீக்கிரம் கிழியும்.

காற்றின் அளவு இந்த வகைப் பைகளுக்குப் பொதுவாக 5 முதல் 35 பிஎஸ்ஐ. காலி வண்டியிலும் 5-க்குக் கீழே விடக்கூடாது, காற்றில்லாத பை மடிந்து கிழியும். பஞ்சர் கடை கம்ப்ரசரில் அடிக்கவே அடிக்காதீர்கள். பை சின்னது, கண் சிமிட்டுவதற்குள் 35-ஐத் தாண்டிவிடும். சைக்கிள் பம்பு போதும். கேஜை வைத்துப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் காற்று போகும், கசிகிறது என்று பயந்துவிடாதீர்கள். ஆட்களும் சாமானும் ஏறிய பிறகு, முதலில் எழுதி வைத்த அளவுக்கு வரும்வரை அடியுங்கள். அதற்கு மேல் தூக்கிப் பார்க்கும் ஆசை வேண்டாம். பயணம் முடிந்து வந்ததும் இறக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் காலி வண்டி கல்லில் போவதுபோல உதறும்.

பலர் கவனிக்காத ஒன்று: சில வண்டிகளில் பின் ஆக்சிலுக்கும் பாடிக்கும் நடுவே ஒரு சின்ன நெம்புகோல் இருக்கும். பின்பக்கம் எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்பதை வைத்து எடையைக் கணித்து, பின்சக்கர பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு அது. பையால் பின்பக்கத்தைத் தூக்கி வைத்தால் வண்டி காலி என்று அது நினைத்துக்கொள்ளும், முழு லோடில் பின் பிரேக் குறையும். உங்கள் வண்டியில் அது இருந்தால் பையைப் போட்ட பிறகு அதைச் சரிசெய்ய ஒரு பிரேக் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். இது வாசலில் செய்யும் வேலையில்லை.

கிட் வரும் அட்டைப்பெட்டியில் 1000 பவுண்டு, அதாவது சுமார் 450 கிலோ தாங்கும் என்று போட்டிருக்கும். வண்டியில் 450 கிலோ கூடுதலாக ஏற்றலாம் என்று அதற்கு அர்த்தமில்லை. ஆக்சில், பேரிங், பிரேக், டயர் எல்லாம் பழையவைதானே. ஆர்.சி.யில் உள்ள மொத்த எடை வரம்பு அப்படியே இருக்கிறது.

சட்டமும் கேட்டிருந்தீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52, வண்டியைத் தயாரிப்பாளரின் மூல விவரக்குறிப்புக்கு மாறாக மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த பிரிவு 182ஏ, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. ஸ்பிரிங்கைத் தூக்கி எறியும் முதல் ரகக் கிட் இதில் நேராக மாட்டும். உள்ளே வைக்கும் பைக்கும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டு, இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவித்துவிட்டுப் போடுவது நல்லது.

பொலிரோ மாதிரி பின்னால் பட்டை ஸ்பிரிங் உள்ள வண்டிக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், உங்களுக்கு இந்தப் பை சரிவராது. பட்டைக்கும் சேஸிஸுக்கும் நடுவே பிராக்கெட் வைத்துப் பொருத்தும் பை தனியாக வருகிறது.