நாடக வரலாற்றை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

நாடகம் அதிகம் பார்த்திராத ஒருவர் கொழும்பில் நாடக இரசனையும் வரலாறும் பற்றிய அறிமுகப் பாடநெறியொன்றில் சேரலாமா, கிரேக்கமும் ஷேக்ஸ்பியரும் நிரம்பிய பாடத்திட்டத்தால் தமிழ் நாடகம் பார்க்க விரும்புபவருக்கு என்ன பயன் என்று கேட்டிருக்கிறீர்கள். தயங்காமல் சேருங்கள். உயர்தர மாணவர்களுக்கு நாடகமும் அரங்கியலும் கற்பித்துவருபவன் என்ற முறையில் ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். இத்தகைய பாடநெறிகள் பெரும்பாலும் ஆசிரியர் பெயர், நாடகத்தின் பெயர், ஆண்டு என்ற வரிசையில் குறிப்பெழுத வைத்துவிடுகின்றன. அந்தக் குறிப்புகள் பரீட்சைக்கு உதவட்டும். நீங்கள் ஒவ்வொரு காலத்தைப் படிக்கும்போதும், பார்ப்பவர்கள் எங்கே இருந்தார்கள், வெளிச்சம் எங்கிருந்து வந்தது என்ற இரண்டையும் விடாமல் கேளுங்கள். ஒரு நாடகம் ஏன் அப்படி எழுதப்பட்டது, ஏன் அப்படி ஆடப்பட்டது என்பதன் பெரும்பகுதி இவ்விரண்டு கேள்விகளுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

கி.மு. 5ஆம் நூற்றாண்டின் ஏதென்ஸில், அக்ரோபொலிஸ் குன்றின் தென்சரிவில் ஆயிரக்கணக்கானோர் பகல் வெளிச்சத்தில் அமர்ந்து கீழேயிருந்த ஆடுகளத்தைப் பார்த்தார்கள். அவ்வளவு தொலைவில் நடிகரின் கண்ணசைவு தெரியாது. முகமூடியும், ஓங்கிய குரலும், பாடி ஆடும் குழுவுமே கதையைக் கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. ஒருவராக இருந்த நடிகரை ஈஸ்கிலஸ் இருவராக்கினார், சோபோக்கிளிஸ் மூவராக்கினார் என்று அரிஸ்டோட்டில் எழுதுகிறார். பரீட்சைக்கு மனப்பாடம் செய்யும் வரி இது. ஆனால் இரண்டாவது நடிகர் வந்த பிறகுதான் இருவர் நேருக்கு நேர் நின்று வாதாடுவதை மக்கள் கண்முன்னே பார்க்க முடிந்தது என்று எண்ணிப் பாருங்கள், அந்த வரிக்கு உயிர் வந்துவிடும். இலண்டனில் 1599இல் எழுந்த குளோப் அரங்கின் நடுமுற்றத்துக்குக் கூரை இல்லை. பிற்பகல் வெயிலில் மக்கள் அங்கே நின்றபடி பார்த்தார்கள். ‘ஹாம்லெட்’ நடுநிசியில் தொடங்குகிறது. விளக்கை அணைத்து இரவைக் காட்ட வழியில்லாத மேடையில், காவல் மாற வரும் காவலன் ஒருவன் எதிரே நிற்பவனை அடையாளம் காணமுடியாமல் ‘யாரது?’ என்று கேட்கிறான். அந்தக் கேள்வியிலேயே இருட்டு வந்துவிடுகிறது.

இதே கேள்விகளோடு சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதைக்குப் போனால், நம்மவர்கள் எவ்வளவு நுணுக்கமாக யோசித்திருக்கிறார்கள் என்பது புரியும். இருபத்து நான்கு விரல் அளவுள்ள கோலால் ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் என்று அரங்கை அளந்துவிட்டு, தூண்களின் நிழல் ஆடுமிடத்தில் விழாதவாறு விளக்கை நிறுத்த வேண்டும் என்கிறார் இளங்கோவடிகள். மூவகைத் திரைகளையும் கூறுகிறார். மேடையில் நின்று வேலை செய்யாத ஒருவருக்கு நிழலைப் பற்றிய கவலை தோன்றியிருக்காது என்பது என் எண்ணம். கிரேக்கத்தைப் படிப்பதால் தமிழருக்கு என்ன பயன் என்பதற்குப் பேராசிரியர் கா. சிவத்தம்பியின் ஆய்வே தக்க பதில். பண்டைத் தமிழ்ச் சமூகத்தின் நாடகத்தை ஆராய்ந்த அவர், பர்மிங்காமில் ஜோர்ஜ் தொம்சன் என்ற கிரேக்க அறிஞரின் வழிகாட்டலிலேயே அதைச் செய்தார்.

கொழும்பில் இருப்பவர் சற்று நின்று பார்க்க வேண்டிய பகுதி இனித்தான் வருகிறது. மட்டக்களப்பில் கூத்து ஆடப்படும் வட்டமான களமாகிய வட்டக்களரியில் மக்கள் நான்கு புறமும் அமர்ந்திருப்பார்கள். நடுவில் கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியாரும் பிற்பாட்டுக்காரரும் நிற்க, கூத்தர் அவர்களைச் சுற்றி விடிய விடிய ஆடுவார்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவிலிருந்து வந்த பார்சி நாடகக் குழுக்கள், தீட்டிய திரைகளையும் முன்புறம் மட்டும் திறந்த படச்சட்ட மேடையையும் இங்கே கொண்டுவந்தன. மருதானையில் 1911இல் திறக்கப்பட்ட டவர் மண்டபம் அந்த அலையில் எழுந்ததுதான். தமிழக நாடகாசிரியர் பம்மல் சம்பந்த முதலியாரைக் குருவாகக் கொண்ட கலையரசு சொர்ணலிங்கம் லங்கா சுபோத விலாச சபையின் மூலம் கொழும்பில் தமிழ் நாடகம் போட்டதும் அத்தகைய மேடையில்தான். 1956 நவம்பரில் லயனல் வென்ட் அரங்கில் எதிரிவீர சரச்சந்திரவின் ‘மனமே’ என்ற சிங்கள நாடகம் மேடையேறியது. அதன் அடித்தளமான ‘நாடகம’ என்ற சிங்களப் பாரம்பரிய நாடக மரபு, தமிழ்க் கூத்தின் வழியாக வந்தது. மத்தளத்தைக் கேட்டவுடனேயே அந்த உறவு நமக்குத் தெரிந்துவிடும். அந்த முயற்சி தந்த ஊக்கத்தோடு, பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் கூத்தைச் சில மணி நேரத்துக்குள் செறிவாக்கி, ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலியவற்றைப் படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தார். நடுவில் நின்ற அண்ணாவியார் மேடையின் ஓரத்துக்குச் சென்றார்.

வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தில் வடமோடி என்ற வகைக் கூத்தின் ஒரு பகுதியைப் பார்த்தபோது அந்த மாற்றத்தின் விலை எனக்கு விளங்கியது. முதலில் திரைக்குப் பின்னாலிருந்து சதங்கை ஒலி வந்தது, பிறகு அரசன் வரவு. தாளக்கட்டுக்கு ஏற்ப அவர் சுழன்று ஆடினார். ஒவ்வொரு சுற்றிலும் பாதிநேரம் அவருடைய முதுகே எங்களுக்குத் தெரிந்தது. வட்டக்களரியில் எவருக்கும் அவர் முதுகு காட்டுவதில்லை, ஒரு பக்கத்தாரை விட்டு விலகும் கணத்திலேயே மறுபக்கத்தாரை நோக்கி வருகிறார். படச்சட்டத்துக்குள் அதே ஆட்டம் ஒரு படமாகிவிடுகிறது. அதனால் வித்தியானந்தன் செய்தது தவறென்று நான் சொல்லமாட்டேன். அவர் அதைச் செய்திராவிட்டால் நகரத்துத் தமிழர் பலருக்குக் கூத்து ஒரு கலையாகவே தெரிந்திருக்காது. பின்னாளில் கிராமத்துக் களரியிலேயே கூத்தை மீளுருவாக்கம் செய்ய வேண்டும் என்று மட்டக்களப்பில் எழுந்த குரலும் நியாயமானதே. இந்த விவாதத்துக்கு இடம் கொடுக்கும் விரிவுரையாளர் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள்.

ஐரோப்பிய நவீன நாடகத்தையும் இதே வழியில் எளிதாகக் கடந்துவிடலாம். 1876இல் ஜேர்மனியின் பைரோய்ட் நகரில் இசைநாடகக் கலைஞர் வாக்னர் பார்வையாளர் பகுதியை இருட்டாக்கினார். 1879இல் இப்சனின் ‘பொம்மை வீடு’ நாடகத்தில் நோரா ஒரு வீட்டின் கூடத்திலிருந்து கதவைச் சாத்திவிட்டு வெளியேறினாள். இருளில் அமர்ந்து அடுத்தவர் வீட்டுக்குள் பார்க்கும் பழக்கம் இக்காலத்தில்தான் உறுதிப்பட்டது. அந்த மயக்கத்தைக் கலைக்க விரும்பிய ஜேர்மன் நாடகாசிரியர் பிரெக்ட் விளக்குகளை மறைக்க வேண்டாம் என்றார். அவருடைய வெண்கட்டி வட்ட நாடகத்தை ஹென்றி ஜயசேன 1967இல் ‘ஹுணுவட்டயே கதாவ’ என்று சிங்களத்தில் மேடையேற்றினார். சிங்களம் ஓரளவே தெரிந்தாலும் அத்தகைய நாடகங்களுக்குப் போங்கள். மொழி முழுவதும் பிடிபடாதபோது, நடிகர் எங்கே நிற்கிறார், யார் யாரை நெருங்குகிறார் என்பதில் கண் தானாகவே செல்லும்.

பாடநெறியைத் தெரிவுசெய்யும்போது, மாணவர்களை நாடகம் பார்க்க அழைத்துச் செல்வார்களா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் வேறு இடம் தேடுவது நல்லது. பார்க்கப்போகும் நாடகத்தின் பிரதி கிடைத்தால் முன்னதாகவே படித்துவிடுங்கள். ஈழத்து நாடக நூல்கள் பலவற்றை ‘நூலகம்’ என்ற இணையத்தளத்தில் இலவசமாகப் படிக்கலாம். வெள்ளவத்தையிலுள்ள கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்துக்கும் ஒரு முறை போய்வாருங்கள். நாடகம் முடிந்த அன்றிரவே, மற்றவர்களின் அபிப்பிராயத்தைக் கேட்பதற்கு முன்பாக, மனதில் நிற்கும் ஒரேயொரு காட்சியை மட்டும் எழுதி வையுங்கள்: மேடையில் யார் எங்கே நின்றார், வெளிச்சம் எதன்மேல் விழுந்தது, நீங்கள் எந்த வரிசையிலிருந்து பார்த்தீர்கள். வாய்ப்புக் கிடைத்தால் அதே நாடகத்தை இன்னொரு நாள் வேறொரு பக்கத்து இருக்கையிலிருந்து பார்த்து, இரண்டு குறிப்புகளையும் வகுப்புக்குக் கொண்டுபோங்கள்.