பட்டறை பதில்கள்: இரண்டு கதவா, நான்கு கதவா?

கேள்வி: அண்ணே, எனக்கு வயது 27. நான்கு வருஷம் துபாயில் இருந்துவிட்டு ஊருக்கு வந்திருக்கிறேன். சென்னைப் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் ஒருமுறை கார் பந்தயம் பார்த்ததிலிருந்து, சொந்தமாக ஒரு வண்டி தயார் செய்து அமெச்சூர் பிரிவில் ஓட்ட வேண்டும் என்று ஆசை. கையில் ஆறு லட்சம் இருக்கிறது. இன்னும் துபாயிலேயே இருக்கும் என் காக்கா (மூத்த அண்ணன்), "இரண்டு கதவு வண்டிதான் லேசு, அதுதான் உறுதி, அதையே எடு" என்கிறார். இங்கே தேடினால் எல்லாமே நான்கு கதவு. ராமேசுவரம் போகிற வழியில் மண்டபம் ஊரில் ஒரு பழைய மாருதி எஸ்டீம் விலைக்கு வருகிறது. எதை எடுக்கட்டும்?
ஒரு வாசகர், கீழக்கரை

பதில்: தம்பி, உன் காக்கா சொல்வதில் பாதி சரி. அந்தப் பாதி நம் ஊரில் விலைக்குக் கிடைக்காது, அதுதான் சங்கடம்.

நம் நாட்டில் குடும்பமே ஒரு காரில் ஏறும். பின் சீட்டுக்குப் போக முன் சீட்டை மடக்கு என்றால் எந்தப் பெரியம்மா சம்மதிப்பார்? சென்னையில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு 1961இல் இரண்டு கதவோடுதான் வந்தது, பிறகு அதற்கும் நான்கு கதவு வைத்தார்கள். 1991இல் இரண்டு கதவோடு டாடா சியரா வந்தது, ஜீப் மாதிரி கனத்த வண்டி. அதைப் பந்தயத்தில் ஓட்டுவது காளை மாட்டைப் பரதம் ஆடச் சொல்வது மாதிரி. 2016இல் இரண்டு கதவு போலோ ஜிடிஐ வந்தது, மொத்தமே 99 வண்டி, அப்போதே விலை 25 லட்சத்துக்கு மேல். உன் ஆறு லட்சத்துக்கு அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளலாம்.

அங்கிருந்து ஒன்றை அனுப்பி வைக்கிறேன் என்று காக்கா சொன்னால் நன்றி சொல்லிவிட்டு மறுத்துவிடு. அங்கே ஸ்டீயரிங் இடது பக்கம். இங்கே பழைய வண்டியை இறக்குமதி செய்ய வலது பக்க ஸ்டீயரிங் வேண்டும், வயது மூன்றைத் தாண்டக் கூடாது, வரியோ வண்டி விலையையே முழுங்கிவிடும்.

சரி, அவர் சொன்ன "லேசு" என்ற கதைக்கு வருவோம். இரண்டு கதவு குறைந்தால் அந்த எடை அப்படியே குறையும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படிக் குறையாது. இரண்டு கதவு வண்டியில் ஒவ்வொரு கதவும் நீளம். அதன் கண்ணாடி பெரிது, கீல் பெரிது, உள்ளே போடும் இரும்பும் அதிகம். ஒரு எஸ்டீமின் பின்கதவைக் கழற்றி, மீன் நிறுக்கிற தராசில் ஏற்றிப் பார்த்திருக்கிறேன். கண்ணாடியோடு சேர்த்தும் இருபது கிலோவைத் தொடவில்லை. (தராசுக்காரர் அன்றைக்கு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.) பந்தய வண்டியில் எப்படியும் பின்கதவின் உள்பலகை, கண்ணாடி ஏற்றும் கைப்பிடி, பின் சீட்டு, தரைவிரிப்பு எல்லாம் வெளியே போய்விடும். விதி அனுமதித்தால் பின் கண்ணாடிக்குப் பதில் பாலிகார்பனேட் தகடு போடலாம். மிஞ்சும் வித்தியாசத்தை நீ இரவில் பரோட்டாவை ஒன்று குறைத்தே ஈடுகட்டலாம்.

உறுதி என்ற விஷயத்தில் காக்காவுக்குக் கொஞ்சம் நியாயம் உண்டு. வண்டியும் ஒரு பெட்டிதான், கதவு என்ற ஓட்டை குறைந்தால் பெட்டி அவ்வளவாக முறுக்காது. ஆனால் வண்டி உருண்டால் ஆளைக் காக்க உள்ளே ரோல் கேஜ் பற்றவைத்த பிறகு பாரத்தை அந்தக் குழாய்க்கூண்டு வாங்கிக்கொள்ளும். அப்புறம் கதவு இரண்டா நான்கா என்பதை ஓட்டுகிற ஆள் உணரவே மாட்டான். 1994இல் வோல்வோ கம்பெனி பிரிட்டிஷ் டூரிங் கார் பந்தயத்துக்கு 850 எஸ்டேட்டையே கொண்டு வந்தது, பின்னால் நாயும் பெட்டியும் ஏற்றுகிற நீள வண்டி. நான்கு வருஷம் கழித்து, 1998இல், அதே கம்பெனியின் எஸ்40 நான்கு கதவு செடானில் ரிக்கார்டு ரைடல் சாம்பியன் பட்டமே வாங்கினார்.

காக்கா சொல்லாமல் விட்ட ஒன்றில்தான் இரண்டு கதவு நிஜமாகவே ஜெயிக்கும். ஏறி இறங்குவது. நான்கு கதவு வண்டியில் முன்கதவுக்கும் பின்கதவுக்கும் இடையிலான நடுத்தூண் ஓட்டுபவனின் தோளுக்குப் பக்கத்திலேயே நிற்கும். நீ உயரமான ஆள் என்றால் சீட்டைப் பின்னுக்குத் தள்ளுவாய், தோள் தூணுக்குப் பின்னால் போய்விடும். கூண்டின் பெரிய வளையம் அந்தத் தூணை ஒட்டி வரும், கதவுக்குக் குறுக்கே வேறு இரண்டு குழாய் ஓடும். பக்கெட் சீட்டுக்கு இரு பக்கமும் காது. மீதி இருக்கும் சந்தில் ஹெல்மெட்டோடு நுழைவது நண்டு கூட்டுக்குள் போகிறது மாதிரி. உள்ளே போய்விடலாம், வெளியே வருவதுதான் பாடு. தீப்பிடித்தால்? நீளக் கதவு வண்டியில் தூண் பின்னால் தள்ளி நிற்பதால் காலைத் தூக்கிப் போட்டு இறங்கிவிடலாம், பக்கவாட்டுப் பார்வையும் மறைக்காது. ஆகவே மண்டபத்துக்குப் போகும்போது ஒரு ஹெல்மெட் எடுத்துக்கொண்டு போ. உன் கால் கிளட்சை முழுதாக மிதிக்கிற அளவில் சீட்டை வைத்து, தோள் எங்கே வருகிறது என்று பார். தூணுக்கு முன்னால் வந்தால் நான்கு கதவு உனக்குத் தொந்தரவு தராது. பின்னால் போனால் சீட்டைத் தாழ்த்தி நிமிர்த்தி உட்காரப் பழகு, இல்லையென்றால் வேறு வண்டி பார்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. நீ வாங்கப்போவது மண்டபத்து வண்டி, கடல் உப்பில் நின்றது.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் சென்னையில் ஒரு பட்டறையில் இருந்தேன். பந்தய நாட்களில் இருங்காட்டுக்கோட்டை பிட்டில், அதாவது பந்தய வண்டிகளை நிறுத்திக் கவனிக்கிற இடத்தில், டயர் உருட்டுகிற வேலை. ஊர் திரும்பியதும் எனக்கும் உன் ஆசை வந்தது. பாம்பன் பக்கம் ஒரு எஸ்டீம் கிடைத்தது. வெள்ளை பெயிண்ட், பளபளவென்று இருந்தது. பணத்தைக் கொடுத்து, பட்டறைக்குக் கொண்டு வந்து, கதவுக்கு அடியில் நீளமாக ஓடுகிற ரன்னிங் போர்டை ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டினேன். டங் என்று கேட்க வேண்டிய இடத்தில் பொத் என்றது. சுரண்டினால் பட்டி, பள்ளத்தை மூடப் பூசுகிற பசை. பட்டிக்கு உள்ளே சுருட்டி அடைத்த செய்தித்தாள். அதற்கும் உள்ளே இரும்பு இருக்க வேண்டிய இடத்தில் செம்மண் மாதிரித் தூள். தட்டிப் பார்க்கிற வேலையைப் பணம் கொடுக்கும் முன்பே செய்திருக்க வேண்டும். எனக்கே தெரிந்த தொழிலில் நானே ஏமாந்தேன், வெளியில் சொல்ல வெட்கமாக இருந்தது. அந்த வண்டி கடைசிவரை பந்தயத் திடலைப் பார்க்கவே இல்லை.

கூண்டின் கால் பதிகிற இடத்தில் 3 மில்லிமீட்டர் கனத் தகடு, 120 சதுர சென்டிமீட்டர் பரப்பில் போட வேண்டும் என்று உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் விதி சொல்கிறது. தகடு நல்ல இரும்பாக இருந்து, அதைப் பற்றவைத்த தரை அப்பளமாக இருந்தால்? வண்டி உருளும்போது கூண்டு தரையைப் பிய்த்துக்கொண்டு வரும்.

கச்சான் காற்று அடிக்கும்போது மணல் எங்கெல்லாம் போகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கதவின் அடியில் தண்ணீர் வடிய ஓட்டைகள் உண்டு. அதை மணல் அடைத்துவிடும், உப்புத் தண்ணீர் உள்ளேயே நிற்கும், கதவு அடியிலிருந்து அரித்துக்கொண்டு மேலே வரும். இதில் மட்டும் இரண்டு கதவுக்கு ஒரு மதிப்பெண் கூட, அரிக்கிற இடம் இரண்டுதான். நான்கு கதவில் நடுத்தூணின் அடியை முக்கியமாகப் பார். பின்கதவின் கீல் அந்தத் தூணில்தான் தொங்குகிறது. பின்கதவைப் பாதி திறந்து மேலே தூக்கிப் பார், தூணோடு சேர்ந்து அசைந்தால் கிளம்பி வந்துவிடு. துணி சுற்றிய காந்தம் ஒன்றை ரன்னிங் போர்டு முழுக்க ஓட்டு. ஒட்டாத இடமெல்லாம் பட்டி.

நானாக இருந்தால் மதுரைக்கு மேற்கே போய்த் தேடுவேன், கடல் காற்று படாத வண்டியாக. கதவு நான்கு இருக்கட்டும். வாங்குவதற்கு முன், எந்தப் பிரிவில் ஓடப்போகிறாய் என்று முடிவு செய்து, இந்திய மோட்டார் பந்தய அமைப்பான எஃப்எம்எஸ்சிஐயின் இந்த வருஷ விதிப்புத்தகத்தில் அந்த மாடலுக்கு இடம் இருக்கிறதா என்று பார். வண்டிக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல் போகாதே. மிச்சத்தை கூண்டு, சீட்டு, பெல்ட், ஹெல்மெட், டயர், பிரேக், லைசென்ஸ் என்று பிரித்து எடுத்துவிடும். மறுபடியும் டயர்.

கேள்வி: ரோல் கேஜ் கட்டிய காரை வார நாட்களில் ஆபீசுக்கும் ஓட்டலாமா? பின்கதவு இருப்பதால் பிள்ளைகளை ஏற்ற வசதிதானே?
ஒரு வாசகர், ராமநாதபுரம்

பதில்: கூடாது சார். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு இப்படி மாற்றிய வண்டியை ரோட்டில் விடாது. சட்டத்தை விடுங்கள், தலைக்குப் பக்கத்தில் இரும்புக் குழாய். திடலில் ஹெல்மெட் இருக்கிறது. ஆபீஸ் போகும்போது சின்ன மோதலில்கூட மண்டை அதில்தான் போய் இடிக்கும். அந்த வண்டியை லாரியில் ஏற்றித் திடலுக்குக் கொண்டு போங்கள். பின்கதவு டயரும் ஜாக்கியும் ஏற்ற வசதி, பிள்ளைகளுக்கு இல்லை.

கேள்வி: தனுஷ்கோடி ரோடு நேராக இருக்கிறதே, அதிகாலையில் அங்கே ஓட்டிப் பழகலாமா?
ஒரு வாசகர், தொண்டி

பதில்: வேண்டாம் தம்பி. இரண்டு பக்கமும் கடல், ரோட்டின் மேல் எப்போது மணல் ஏறும் என்று தெரியாது, சூரிய உதயம் பார்க்க வருகிற கூட்டம் விடியுமுன்பே வந்துவிடும். அதோடு நேர் ரோட்டில் என்ன பழகுவாய்? மிதிப்பதைத்தான். பந்தயத்தில் நேரம் போவதும் வருவதும் வளைவில். கோவை செட்டிப்பாளையத்தில் 2.1 கிலோமீட்டர் கரி மோட்டார் ஸ்பீடுவே இருக்கிறது, நம் ஊரிலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. பழகுவதற்குத் திடல் திறக்கிற நாளைக் கேட்டுவிட்டுப் போ. கிளம்புவதற்கு முன் பிரேக் ஆயில் மாற்றிவிடு.