கொழுந்தனாரின் பங்கையும் கடன் வாங்கிக் கட்டலாமா?

கேள்வி: மும்பை செம்பூரில் 1987-ல் கட்டிய, நான்கு மாடி, 32 ஃப்ளாட் உள்ள ஹவுசிங் சொசைட்டியில் (குடியிருப்போர் கூட்டுறவுச் சங்கம்) மேல் மாடியில் இருக்கிறோம். என் கொழுந்தனார் குடும்பம் இரண்டாவது மாடியில் இருக்கிறது. இரண்டுமே மாமனார் வாங்கியவை, இப்போது அவரவர் பெயரில் உள்ளன. மொட்டை மாடிக்கு வாட்டர்ப்ரூஃபிங், சூடு இறங்காத வெள்ளைப் பூச்சு, வெளிச்சுவர் விரிசல் வேலை, 20 கிலோவாட் சோலார், புது பம்ப் என்று கமிட்டி 46 லட்சத்துக்கு எஸ்டிமேட் போட்டிருக்கிறது. ஃப்ளாட்டுக்கு 1.44 லட்சம். "அண்ணி, என் பங்கையும் சேர்த்துக் கட்டிடுங்க, கவர்ன்மென்ட் சப்சிடி வந்ததும் தந்துடறேன்" என்கிறார் கொழுந்தனார். 2021-ல் பைப்லைன் மாற்றியபோது அவர் பங்குக்கும், அப்புறம் அவர் பையன் காலேஜ் அட்மிஷனுக்கும் என் நகையை பேங்கில் வைத்து 3 லட்சம் கொடுத்தேன். நான்கு வருடமாக 9.5 சதவீத வட்டி கட்டி மறு அடகு வைத்து வருகிறேன். 14 மாதமாக அவருடைய மெயின்டனன்ஸ் 4,500 ரூபாயும் நான்தான் கட்டுகிறேன். ஒரு ஏஜென்ட் 'கிரீன் ஹோம் லோன்' என்று ஆப் மூலம் 3 லட்சம், 14 சதவீதத்தில், ஐந்து வருடத்துக்குத் தருவதாகச் சொல்கிறார், வரியும் மிச்சமாகுமாம். ஜெர்மனியில் இருக்கும் நாத்தனார் மகன், அங்கே பழைய பில்டிங்குக்கு அரசே பணம் கொடுக்கிறது, இங்கேயும் வரும் என்கிறான். நான் பள்ளி ஆசிரியை, வயது 55, சம்பளம் 62,000. எஃப்.டி. 1.8 லட்சம் இருக்கிறது. இரண்டு வருடத்தில் மகள் கல்யாணம். இந்தக் கடனை வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள் சகோதரி. உங்கள் பங்குக்கும் வேண்டாம், கொழுந்தனார் பங்குக்கு வேண்டவே வேண்டாம்.

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பில்டிங் வேலை நல்ல வேலைதான், பெரும்பகுதி அவசியமானதும்கூட. உங்களை அரிப்பது அந்த 46 லட்சம் இல்லை. ஒவ்வொரு முறை சொசைட்டியில் பெரிய செலவு வரும்போதும் இரண்டு வீட்டுப் பணத்தை நீங்கள் ஒருவரே, உங்கள் பெயரில், கடனாகத் திரட்டுகிறீர்களே, அந்தப் பழக்கம்தான் அரிக்கிறது. இதுவரை ஆனதைக் கூட்டிப் பாருங்கள். நகைக்கடன் 3 லட்சம். அதற்கு வருடம் 28,500 வட்டி, நான்கு வருடத்தில் 1.14 லட்சம். மெயின்டனன்ஸ் 14 மாதம், 63,000. மொத்தம் 4.77 லட்சம். உங்கள் கையிருப்பு எஃப்.டி.யே 1.8 லட்சம்தான்! மகள் கழுத்தில் ஏற வேண்டிய நகை பேங்க் லாக்கரில் இன்னொருவருக்காகக் கிடக்கிறது, அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை.

சரி, சப்சிடி வந்ததும் தருகிறேன் என்கிறாரே, அந்தச் சப்சிடி எவ்வளவு என்று அவரிடம் யாராவது கேட்டீர்களா? பிரதமரின் சூரிய வீடு இலவச மின்சாரத் திட்டம் 2024 பிப்ரவரியில் வந்தது. தனி வீட்டுக்குத்தான் 78,000 ரூபாய் வரை மானியம், விளம்பரங்களில் எல்லோரும் பார்ப்பது அந்தத் தொகையைத்தான். உங்களுடையதைப் போன்ற ஹவுசிங் சொசைட்டி, லிஃப்ட், பம்ப், மாடிப்படி விளக்கு போன்ற பொதுப் பயன்பாட்டுக்குப் போடும் சோலாருக்கு கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய்தான். 20 கிலோவாட்டுக்கு 3.6 லட்சம். 32 ஃப்ளாட்டுக்குப் பிரித்தால் தலைக்கு 11,250. கொழுந்தனார் உங்களுக்குத் தர வேண்டியது 1.44 லட்சம், சப்சிடியில் அவர் பங்கு 11,250. அதுவும் அவர் கைக்கு வராது. சோலார் போட்டு முடித்து, மின்சாரக் கம்பெனி வந்து பார்த்து மீட்டர் மாற்றி, அப்புறம்தான் பணம் வரும், அதுவும் சொசைட்டியின் பேங்க் கணக்குக்கு. அவர் பொய் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை, கணக்குப் போட்டுப் பார்க்காமல் சொல்லியிருப்பார். ஆனால் அந்த வார்த்தையை நம்பிக் கையெழுத்துப் போடப்போவது நீங்கள்.

நாத்தனார் மகன் சொல்வது ஜெர்மனிக்குச் சரி. அங்கே கே.எஃப்.டபிள்யூ என்ற அரசு வங்கி, பழைய கட்டிடத்தை எரிசக்தி மிச்சமாகிற மாதிரி சீரமைத்தால் மலிவு வட்டியில் கடன் கொடுத்து, அசலில் ஒரு பகுதியையும் தள்ளுபடி செய்கிறது. ஐரோப்பிய வீடுகளில் செலவாகும் எரிசக்தியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு குளிர்காலத்தில் வீட்டைச் சூடேற்றவே போகிறது, அதனால் சுவரை மூடி ஜன்னலை மாற்றினால் பெரிய மிச்சம், அரசுக்கும் அதில் அக்கறை. நம் நாட்டில் வீடுகளுக்கான எரிசக்தி விதித்தொகுப்பு 'எகோ நிவாஸ் சம்ஹிதா' 2018-ல் வந்தது. வெயில் வீட்டுக்குள் எவ்வளவு இறங்கலாம் என்று அளவு வைத்திருக்கும் நல்ல விதிதான், ஆனால் அது புதிதாகக் கட்டும் கட்டிடங்களை நினைத்து எழுதியது. 1987-ல் கட்டிய உங்கள் பில்டிங்கின் சுவருக்கும் மாடிக்கும் அதிலிருந்து பணம் வராது. மும்பையில் மாநில வீட்டுவசதி அமைப்பான மஹாடாவின் பழுதுபார்ப்பு வாரியம் ஒன்று உண்டு. அது தென்மும்பையை உள்ளடக்கிய தீவு நகரப் பகுதியில் 'செஸ்' என்ற பழுதுபார்ப்பு வரி கட்டும் பழைய கட்டிடங்களுக்கானது, செம்பூர் அதில் வராது. பழைய அடுக்குமாடிகளுக்கு இங்கேயும் அரசு நிதி வர வேண்டும் என்பதே என் விருப்பமும். மாதுங்காவிலும் முலுண்டிலும் டோம்பிவிலியிலும் எத்தனை ஆயிரம் குடும்பங்கள் மே மாதம் மேல் மாடியில் வெந்துகொண்டிருக்கின்றன! ஆனால் வராத பணத்தை நம்பி 14 சதவீதத்தில் கடன் வாங்க முடியாது.

அந்த 'கிரீன்' கடனைப் பார்ப்போம். பெயர்தான் பச்சை, உள்ளே இருப்பது சாதாரண பர்சனல் லோன். 3 லட்சத்துக்கு மாதத் தவணை சுமார் 6,980, ஐந்து வருடத்தில் கட்டுவது 4.19 லட்சம், அதாவது வட்டி மட்டும் 1.19 லட்சம், பிராசஸிங் ஃபீஸ் தனி. வரி மிச்சம் என்கிறார் ஏஜென்ட். சொந்த வீட்டைப் பழுதுபார்க்க வாங்கிய கடனின் வட்டிக்கு வருடம் 30,000 வரை கழிவு உண்டு, பழைய வரி முறையில் மட்டும். உங்கள் ஆண்டுச் சம்பளம் 7.44 லட்சம். புதிய முறையில் 12 லட்சம் வரை வரியே இல்லாதபோது எதிலிருந்து மிச்சம் பிடிப்பீர்கள்? தவிர, கொழுந்தனார் ஃப்ளாட்டுக்கு நீங்கள் உரிமையாளர் இல்லை, அந்தப் பாதிக்கு எந்த முறையிலும் கழிவு கேட்க முடியாது. இது தெரிந்தே விற்கிறார்களா, தெரியாமல் விற்கிறார்களா என்று நான் யோசிப்பதை நிறுத்திவிட்டேன், மாதம் இரண்டு கடிதமாவது இதே பச்சைப் பெயருடன் எனக்கு வருகிறது.

இனி உங்கள் பங்கு. 1.44 லட்சத்தை ஒரே மூச்சில் கட்டச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். சொசைட்டியின் ரிப்பேர் ஃபண்டில் எவ்வளவு இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. சொசைட்டிகளுக்கான மாதிரித் துணைவிதிப்படி (சங்க நடத்தை விதிகள்) ஒவ்வொரு ஃப்ளாட்டிடமும் கட்டுமானச் செலவில் வருடம் 0.75 சதவீதமாவது ரிப்பேர் ஃபண்டுக்கும், 0.25 சதவீதமாவது பெரிய வேலைகளுக்கான சேமிப்பான சிங்கிங் ஃபண்டுக்கும் வசூலித்திருக்க வேண்டும். 1987 கட்டுமானச் செலவில் அது சின்னத் தொகையாகத் தெரியும், ஆனால் பல சொசைட்டிகள் கூடுதலாக வசூலித்து எஃப்.டி.யில் போட்டுவிட்டு மறந்திருக்கின்றன. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் (ஏ.ஜி.எம்.) எழுந்து நின்று கேளுங்கள். ஒரு பேச்சுக்கு 14 லட்சம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், மீதி 32 லட்சம், ஃப்ளாட்டுக்கு ஒரு லட்சம். அதைப் பத்துத் தவணையாக, மாதம் 10,000 வீதம் கட்ட கமிட்டியிடம் தீர்மானம் கேளுங்கள். வேலையும் ஒரே மாதத்தில் முடியப்போவதில்லை, எனவே இது நியாயமான கோரிக்கைதான்.

அந்தப் பத்தாயிரம் எங்கிருந்து வரும்? புதுக் கடன் வாங்கியிருந்தால் மாதம் 6,980 கட்டத் தயாராக இருந்தீர்கள். கொழுந்தனார் மெயின்டனன்ஸ் 4,500. இரண்டும் சேர்ந்து 11,480. அதில் 4,500 இப்போதே வேறு வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது, மீதியை ஆப் கடனுக்குக் கொடுக்கத் தயாராக இருந்தீர்கள், அவ்வளவுதான். எஃப்.டி.யில் 80,000 அவசரத்துக்கு இருக்கட்டும், ஒரு லட்சத்தை எடுத்து நகைக்கடன் அசலில் கட்டி அந்த அளவுக்கு நகையைத் திருப்புங்கள். எஃப்.டி. தருகிற வட்டியைவிட நகைக்கடன் தின்கிற வட்டி அதிகம். மீதி இரண்டு லட்சத்துக்கு வருடம் 19,000தான் வட்டி, மிச்சமாகும் 9,500-ஐயும் அசலிலேயே போடுங்கள்.

வேலையின் வரிசையையும் கவனியுங்கள், இதில்தான் பல சொசைட்டிகள் பணத்தைத் தண்ணீரில் விடுகின்றன. முப்பது வருடம் தாண்டிய பில்டிங்குக்கு மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஸ்ட்ரக்சுரல் ஆடிட், அதாவது கட்டிடத்தின் உறுதியைப் பொறியாளர் சோதிப்பது, வேண்டும். அந்த ரிப்போர்ட் இல்லாமல் வெளிச்சுவர் பூச்சுக்கு ஒரு ரூபாய்கூட ஒதுக்கக் கூடாது. அடுத்து பில்டிங்கை இடித்துப் புதிதாகக் கட்டும் ரீடெவலப்மென்ட் பேச்சு இருக்கிறதா என்று தெளிவாகக் கேளுங்கள். 51 சதவீத உறுப்பினர்கள் சம்மதித்தால் அந்தப் பாதையில் போகலாம் என்பதால், பாதிப் பேர் மனசுக்குள் பில்டரை வைத்துக்கொண்டு வெளியே பெயின்ட்டுக்குக் கை தூக்குவது நடக்கிறது. மூன்று வருடத்தில் இடிக்கப் போகிறார்கள் என்றால் இப்போது கசிவை அடைக்கிற வேலை மட்டும் போதும்.

இடிக்கும் எண்ணம் இல்லையென்றால் முதலில் மொட்டை மாடி வாட்டர்ப்ரூஃபிங், அதன் மேல் வெள்ளைப் பூச்சு, அதற்கப்புறம் சோலார். சோலார் ஸ்டாண்டுக்காக ஸ்லாபில் துளை போட்டால் அடுத்த மழையில் உங்கள் ஹால் சீலிங்கில்தான் தெரியும், கான்கிரீட் கட்டை வைத்து நிறுத்தச் சொல்லுங்கள், எடை தாங்குமா என்று ஆடிட்டரிடமே எழுதி வாங்குங்கள். கீழ் மாடிக்காரர்கள் "மேல் வீட்டுக்குக் குளிர்ச்சி, நாங்கள் ஏன் கட்டணும்" என்பார்கள். மாடி பொதுச்சொத்து, அதன் கசிவு வேலை சொசைட்டி செலவு என்று துணைவிதியே சொல்கிறது.

சோலாரைப் பொறுத்தவரை நான் ஆதரவுதான். கிலோவாட்டுக்கு 60,000 என்று வைத்தால் 12 லட்சம், மானியம் போக 8.4 லட்சம். மும்பை மழைக்காலத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் 20 கிலோவாட்டில் வருடம் 27,000 யூனிட் போல வரும். பொது மீட்டருக்கு யூனிட் 10 ரூபாய் ஆகிறது என்றால் 2.7 லட்சம் மிச்சம், மூன்று வருடத்துக்குக் கொஞ்சம் மேலே போட்ட பணம் திரும்பிவிடும். ஆனால் உங்கள் பில்டிங்கின் பொது மீட்டர் உண்மையில் எத்தனை யூனிட் ஓடுகிறது என்று 12 மாத பில்லை வைத்துப் பாருங்கள், பாதிதான் ஓடுகிறது என்றால் 10 கிலோவாட் போதும். "ஒரு ரூபாய் போடாமல் சோலார்" என்று 25 வருட ஒப்பந்தத்தோடு வருபவர்களை மட்டும் தள்ளியே வையுங்கள், 38 வருடப் பழைய பில்டிங் 25 வருடத்துக்கு எதற்கும் கையெழுத்துப் போடக் கூடாது.

கொழுந்தனாரிடம் என்ன சொல்வது என்றுதான் நீங்கள் உண்மையில் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நீங்கள் சொல்ல வேண்டாம், உங்கள் கணவர் சொல்லட்டும், மாமியார் முன்னாலேயே சொல்லட்டும்: "உன் பங்கை நீ சொசைட்டியிடம் தவணையாகக் கட்டு, அண்ணி பெயரில் இனிக் கடன் இல்லை." செம்பூரில் ஒரு ஃப்ளாட் அவர் பெயரில் இருக்கிறது. அதன் மேல் அவரே, அவர் பெயரில், உங்கள் ஏஜென்ட் சொல்வதைவிடக் குறைந்த வட்டியில் கடன் வாங்க முடியும். கட்டாவிட்டால் சொசைட்டி பாக்கிக்கு வட்டி போடலாம், கூட்டுறவுச் சங்கப் பதிவாளரிடம் மீட்புச் சான்றிதழ் வாங்கி வசூலிக்கலாம், அது அவருக்கும் சொசைட்டிக்கும் இடையிலான விஷயம். உங்கள் ஃப்ளாட்டை அது தொடாது. மனசு கேட்கவில்லை என்றால் ஒரே ஒரு முறை 20,000 கொடுங்கள், கடனாக இல்லை, கொடுத்ததாகவே நினைத்துக்கொண்டு. அடுத்த மாத மெயின்டனன்ஸ் பில்லை அவர் வீட்டுக் கதவிலேயே கொடுக்கச் சொல்லி செகரட்டரியிடம் சொல்லிவிடுங்கள்.

ஒருவேளை இந்தப் பதில் வருவதற்குள் ஆப்பில் கையெழுத்துப் போட்டிருந்தால் பயப்பட வேண்டாம். ஆப் மூலம் வாங்கும் கடனுக்கு ரிசர்வ் வங்கி கூலிங்-ஆஃப் நாட்களை, அதாவது மனம் மாறினால் கடனிலிருந்து விலகிக்கொள்ளும் அவகாசத்தை, கட்டாயமாக்கியிருக்கிறது. கடன் விவரத் தாளில் எத்தனை நாள் என்று போட்டிருப்பார்கள். அதற்குள் அசலையும் அத்தனை நாளுக்கான வட்டியையும் திருப்பிக் கட்டினால் அபராதம் இல்லாமல் வெளியே வந்துவிடலாம். பணம் கணக்குக்கு வந்திருந்தால் யாருக்கும் மாற்றாதீர்கள், இன்றே அந்தத் தாளைத் திறந்து பாருங்கள்.