தரகர் சொன்ன ‘சூப்பர்வைசர்’

வணக்கம். லண்டனில் இருக்கும் ஒரு மாப்பிள்ளையை மகளுக்குப் பேசுகிறோம். ‘டோர் சூப்பர்வைசர்’ வேலை என்றார் தரகர். சாதகமும் பொருந்திவிட்டது. இப்போது அங்கிருக்கும் சொந்தக்காரர் ஒருவர், “அது நைட் கிளப் வாசலில் நிற்கிற பவுன்சர்” என்கிறார். ஏமாந்துவிட்டோமா? பவுன்சர் என்றால் சண்டியன்தானே?
— ஒரு தாய், கொக்குவில்

அன்புள்ள அம்மா,

தரகர் சொல்வதில் பாதியைக் கழித்துவிட்டுத்தான் கேட்க வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் இந்த முறை மனுஷன் பொய் சொல்லவில்லை. பிரித்தானியாவில் அந்த வேலையின் முறையான பெயரே டோர் சூப்பர்வைசர்தான். 2001ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். பயிற்சி, பரீட்சை, குற்றப் பதிவு உண்டா என்ற சோதனை எல்லாம் முடிந்தால்தான் அது கிடைக்கும். 3 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 2021 முதல் முதலுதவிப் பயிற்சியும் கேட்கிறார்கள். சண்டியனுக்கு இவ்வளவு கடதாசி தேவையில்லை.

பவுன்சர் என்பது ஊர்வாய் வைத்த பெயர். நமக்கு அந்தச் சொல் கிரிக்கெட் மைதானத்தில் பழக்கமானது. அங்கே எகிறுவது பந்து. இங்கே எகிறுவது குழப்பம் செய்த ஆள். அப்படித் தூக்கி வெளியே போடுவதை 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் ‘பவுன்ஸ்’ என்றார்கள், பெயர் ஒட்டிக்கொண்டது. ஆங்கிலேயர் வைத்திருந்த பெயர் ‘சக்கர்-அவுட்’, வெளியே எறிகிறவன். அதற்கு இது பரவாயில்லை.

எப்போதாவது செய்கிற ஒரு காரியத்தை வைத்து முழு வேலைக்கும் பெயர் வைத்துவிட்டார்கள் என்பதுதான் எனக்குக் குறை. எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர் லண்டனில் இந்த வேலை செய்கிறார். கையில் ஒரு சின்னக் கணக்கி. ஒரு ஆள் உள்ளே போனால் ஒரு அமுக்கு. தீப்பிடித்தால் எல்லோரும் வெளியே வர வேண்டுமே, அதனால் அளவுக்கு மேல் ஆள் விடக்கூடாது. மிச்ச நேரமெல்லாம் வயதைப் பார்ப்பதும், வெறியில் வருகிறவரிடம் “இன்றைக்கு வேண்டாம், வீட்டை போங்கோ” என்று தன்மையாகச் சொல்வதும்தான். போன முறை நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தவர், வாசலில் சனம் உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பெருவிரல் தன்பாட்டில் அமுக்கிக்கொண்டிருந்தது. “அங்கை சேட்டு இல்லாட்டி விடமாட்டன், இங்கை சேட்டைக் கழட்டினால்தான் விடுவினம்” என்று சிரித்தார்.

தமிழில் வாயிலோன் என்ற நல்ல சொல் இருக்கிறது. பாண்டியன் அரண்மனையில் கண்ணகி ‘வாயிலோயே’ என்று கூப்பிட்டது இந்த வேலைக்காரரைத்தான். ஆனால் கலியாணப் பேச்சில் அதைச் சொன்னால் தரகரே ஓடிவிடுவார்.

சரி, மாப்பிள்ளையிடம் அனுமதிப்பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். வேலை நேரத்தில் அதை வெளியே தெரியத்தான் போட்டிருக்க வேண்டும், அதனால் கோபிக்கமாட்டார். அப்புறம் ஒன்று கேளுங்கள்: வெள்ளி, சனி இரவுகளில் லீவு கிடைக்குமா? அங்கே நம்மவர்களின் கொண்டாட்டங்கள் பெரும்பாலும் சனிக்கிழமைதான். மகள் பாதி இடத்துக்குத் தனியாகத்தான் போக வேண்டிவரும்.