பிரேக்கைத் தொட்டால் எது அணையும்?

கேள்வி: ஜி.எஸ்.டி. ரோட்டில் பரனூர் சுங்கச்சாவடி வந்ததும் பிரேக் போடுகிறேன்; வேகத்தைத் தானே பிடித்துவைக்கும் க்ரூஸ் கன்ட்ரோல் அணைந்துவிடுகிறது. தாண்டிய பிறகும் வருவதில்லை. காரை லேன் கோட்டுக்குள் வைக்கும் லேன் அசிஸ்ட் மட்டும் தானாக வந்து ஸ்டியரிங்கைப் பிடிக்கிறது. கோளாறா சார்?
- ஒரு வாசகி, மதுராந்தகம்

பதில்: கோளாறு இல்லை அம்மா. முன்னால் போகும் வண்டியைப் பார்த்து வேகம் மாற்றும் க்ரூஸ், பிரேக்கைத் தொட்டதுமே ஒதுங்கிவிடும். 'ரெஸ்' (ரெஸ்யூம், அதாவது மீண்டும் தொடர்) பட்டனை அழுத்தும்வரை வராது, வரவும் கூடாது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் கதை வேறு. காலை எடுத்ததும் பழைய வேகத்துக்கே திரும்பிவிடும். நெரிசலில் தானே நின்று நகரும் கார்கள்கூட, சில விநாடிகளுக்குமேல் நின்றுவிட்டால் பட்டனையோ ஆக்ஸிலேட்டரையோ ஒரு தட்டு தட்டச் சொல்லும்.

லேன் அசிஸ்ட் கேமராவை நம்பிப் பிழைப்பது. சாவடி அருகே கோடும் சரியாக இல்லை, வேகமும் இல்லை, சும்மா இருக்கும். கோடு தெரிந்து, பல கார்களில் 60 கி.மீ. அளவைத் தாண்டியதும் வேலைக்கு வந்துவிடும். இண்டிகேட்டர் போட்டாலும் விலகிக்கொள்ளும். (அதைப் போடாமல் லேன் மாறுகிறவர்கள்தான் 'ஸ்டியரிங் இழுக்குது' என்று சர்வீஸ் சென்டரில் சண்டை போடுகிறார்கள்!)

அப்புறம், ரெஸ் அழுத்தும்முன் திரையைப் பாருங்கள். நினைவில் 100 இருந்தால், முன்னால் வண்டி இல்லாதபோது கார் 100-க்குத்தான் பாயும், நீங்கள் சர்வீஸ் ரோட்டில் இருந்தாலும் சரி. அங்கே 'செட்' அழுத்தி அப்போதைய வேகத்தையே பதியுங்கள். தானியங்கி அவசர பிரேக் இருந்தால், க்ரூஸ் அணைந்தாலும் அது காவலில்தான் இருக்கும், மெனுவில் போய் நீங்களே அணைக்காதவரை.